இரண்டு சாட்சி, ஒரே கண்

"நிறுத்துங்க."

ரோலர் சுவரின் பாதியில் நின்றது. ஏணியில் இருந்தவர் குனிந்து பார்த்தார். வீட்டுக்காரம்மாள் கூடத்து வாசலில் இரண்டு கோப்பை டீயோடு நின்றிருந்தார். ஒன்று இவருக்கு, இன்னொன்று கீழே தட்டில் பெயிண்ட் ஊற்றிக்கொண்டிருந்த மருமகனுக்கு. ஆனால் கோப்பைகளைக் கொடுக்கிற முகமாக அது இல்லை.

"இது என்ன கலர்?"

"நீங்க சொன்ன கலர்தாங்க. கோதுமை."

"இடது பக்கம் கோதுமை. வலது பக்கம்?"

அவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஈரம் காய்கிற வரைக்கும் எந்தச் சுவரும் ஒரு மாதிரியாகத்தான் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னார். முப்பது வருஷமாக வீட்டுக்காரர்களிடம் சொல்லி வருவதுதான். ஈரச் சுவரைக் கண்டு பதறாத வீட்டுக்காரர் கிடையாது. காய்ந்த பிறகு பதறியதை ஒப்புக்கொண்ட வீட்டுக்காரரும் கிடையாது.

"அது பச்சை" என்றார் அம்மாள். "இளம்பச்சை. உள் ரூமுக்கு வாங்கினது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரியில் பாடம் நடத்துகிற அம்மாள். படித்துப் படித்தே கண் போயிருக்கும். அதை முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது என்பதால் சாட்சியைக் கூப்பிட்டார்.

"டேய், நீ சொல்லு. ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

மருமகன், அதாவது அவருடைய அக்காள் மகன், எழுந்து நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். இருபத்தைந்து வயசு, நிதானமான பையன். மாமாவுக்காகக்கூடப் பொய் சொல்லமாட்டான்.

"ஒண்ணுதான் மாமா. அச்சு அசல்."

இரண்டு கண் தவறலாம். நான்கு கண் எப்படித் தவறும்? இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் கோர்ட்டே தீர்ப்பை எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடும். அவர் அம்மாளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ரோலரைத் தூக்கினார். அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வாசலுக்கு வந்ததும் யாரும் கேட்கும் முன்பே, "ஐயையோ, ஏன் பாதி சுவர் பச்சையா இருக்கு?" என்றாள்.

ரோலர் இறங்கியது.

ஊரில் அவருக்குக் கண்ணளவு என்று பெயர். மற்ற பெயிண்டர்கள் கம்பெனி கொடுக்கிற நிற அட்டையைச் சுவரில் வைத்து, தள்ளி நின்று, கிட்டே வந்து, வீட்டுக்காரரின் மாமியாரைக் கேட்டு வேலை செய்வார்கள். இவர் அட்டையைத் தொடமாட்டார். பழைய சுவரில் ஒரு மூலை உரிந்து போயிருக்கிறது, அதே நிறம் வேண்டும் என்றால் கடையில் இரண்டு மூன்று நிறம் வாங்கி, வாளியில் கலக்கி, ஒரு இழுப்பு இழுத்து, ஒரு கணம் நிற்பார். சில சமயம் திரும்பவும் கலக்குவார். அப்புறம் அடிப்பார். காய்ந்தபின் பழையது எது, புதியது எது என்று அடித்தவருக்கே தெரியாது. இப்படிப் பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் என்று ஊரில் பாதிச் சுவர் அவர் கைபட்டது. "எல்லாம் கண்ணளவுதான்" என்பார். அதுவே பெயராக நின்றுவிட்டது. அந்தப் பெயரில்தான் வேலை வந்துகொண்டிருந்தது.

நிறம் என்பதைப் பற்றி அவருக்கு ஒரு தனிக் கருத்து இருந்தது. யாருக்கும் அது சரியாகத் தெரியாது, எல்லோரும் உத்தேசமாகத்தான் சொல்கிறார்கள் என்பது. நீலம் நீலம்தான், மஞ்சள் மஞ்சள்தான். அதில் சண்டை இல்லை. மற்றபடி ஒருத்தன் பழுப்பு என்பதை இன்னொருத்தன் பச்சை என்பான். கடைக்காரன் அதற்கு ஒரு பூவின் பெயரை வைத்திருப்பான். சாலை விளக்கைப் பற்றிக் கேட்டால், மேலே எரிந்தால் நிற்க வேண்டும், கீழே எரிந்தால் போக வேண்டும், இதில் கலர் எங்கே வந்தது என்று திருப்பிக் கேட்பார்.

போன மாரிக்காலம் வரை அவருடைய மனைவிதான் கூட வேலைக்கு வந்தாள். சுவரைச் சுரண்டுவது, தேய்ப்பது, டின்னைத் திறந்து கலக்கிச் சுவரோரம் வைப்பது எல்லாம் அவள் வேலை. பழைய பெயிண்ட் தூசியில் அவளுக்கு ஒரு இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. முழங்கால் தேய்ந்துபோய் ஏணியைப் பிடிக்கக்கூட நிற்க முடியாமல் ஆனபின் வீட்டில் இருந்தாள். அவள் இடத்துக்கு மருமகன் வந்தான். செல்போன் கடையில் இருந்தவன். சிவப்பு உறை கேட்டவர்களுக்கு எதை எதையோ எடுத்துக் கொடுத்து, அலட்சியம் என்று பெயர் வாங்கி, வேலை போய் நின்றவன். அவன்தான் அன்று காலை இரண்டு டின்னையும் திறந்து கலக்கி, முதல் தட்டுக்குக் கோதுமையை ஊற்றிவிட்டு மூடினான். கடைக்காரர் எண் எழுதுவது மூடியின் மேல். மூடிகள் இடம் மாறின. வேறொன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்காரம்மாள் திட்டுவார் என்று இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அவர் திட்டவில்லை. அவர் முகம் காணாமல்போன தோட்டைக் கட்டிலுக்கடியில் கண்டவர் முகம்போல மாறிக்கொண்டு வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"என் அக்கா மகன்ங்க."

"கூடப்பிறந்த அக்காவா? ஒரே அம்மாவா?"

இதென்ன கேள்வி என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அம்மாள் அதற்குள் உள்ளே போய்ப் பின்னல் நூல் பையைக் கொண்டுவந்தார். உருண்டை உருண்டையாக மிச்ச நூல்கள். ஒவ்வொரு உருண்டையிலும் பாதியை வெட்டி மாமாவிடம் கொடுத்துக் கூடத்தில் உட்காரவைத்தார். மறுபாதியை மருமகனிடம் கொடுத்துப் பின்கட்டுக்கு அனுப்பினார். ஒரே நிறமாகத் தெரிவதை ஒரே குவியலாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணளவு சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தைகள் விளையாட்டு என்ற நினைப்போடு பிரித்தார். சாம்பலையும் ரோஸையும் ஒன்றாக வைத்தார். பழுப்பையும் இலைப்பச்சையையும் ஒன்றாக வைத்தார். கோதுமையோடு இளம்பச்சை சேர்ந்தது. அம்மாள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தார். சாம்பலோடு ரோஸ். பழுப்போடு இலைப்பச்சை. கோதுமையோடு இளம்பச்சை. ஒரு நூல்கூட இடம் மாறவில்லை. இருபது வருஷம் தேர்வு அறையில் கண்காணித்தவர் அவர். காப்பி அடித்தால்கூட இவ்வளவு ஒற்றுமை வராது என்றார். சொல்லும்போது கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

இதற்கு நிறக்குருடு என்று பெயர், கண்ணில் வேறு எந்தக் குறையும் இல்லை என்று அவர் சொன்னபோது கண்ணளவுக்கு ஏணி இல்லாமலே கீழே விழுவதுபோல இருந்தது. அப்படியானால் இந்த முப்பது வருஷம்? இவ்வளவு சுவர்? ஒரு வீட்டில்கூட ஒருத்தரும் பச்சை என்று கத்தவில்லையே. அதை அம்மாளிடம் கேட்டார். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது.

உடம்பில் எந்த இடத்தைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாலும் உள்ளே மெல்லிய நூல் ஒன்று சுருட்டி வைத்திருக்கும், அதுதான் டி.என்.ஏ, உடம்பைச் செய்வதற்கான குறிப்பு அதில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார். மூக்கு எவ்வளவு நீளம், முடி சுருட்டையா நேரா, சிவப்பு வெளிச்சத்தைக் கண் எப்படிப் பிடிக்க வேண்டும், எல்லாம். கண்ணளவுக்கு இது புரிந்தது. பெயிண்ட் கடை இயந்திரத்திலும் அப்படித்தான். எண்ணைத் தட்டினால் குறிப்பு வரும்: கறுப்பு இத்தனை சொட்டு, மஞ்சள் இத்தனை சொட்டு.

"அந்தக் குறிப்புல ஒரு எழுத்து தப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டார் அம்மாள்.

"டின் முழுக்கத் தப்புங்க."

"அதேதான். உங்க குறிப்புல ஒரு எழுத்து தப்பு. அவன்கிட்டயும் அதே எழுத்து தப்பு. ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்து வாங்கியிருக்கீங்க."

காலி டின்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். நிறக் கண்ணுக்கான குறிப்பு எக்ஸ் குரோமோசோம் என்ற நூல்கட்டுக்குள் இருக்கிறது. பெண்ணுக்கு அந்தக் கட்டு இரண்டு; இரண்டு டின் வைத்தார். ஆணுக்கு ஒன்றுதான், ஒரு டின் வைத்து, பக்கத்தில் ஒரு மூடியை மட்டும் வைத்தார். அந்த மூடிக்கு ஒய் என்று பெயராம். அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. அதில் நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாதாம். பெண்ணிடம் ஒரு டின் கெட்டிருந்தாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும், வெளியே தெரியவே தெரியாது. ஆணிடம் இருக்கிற ஒன்றே கெட்டிருந்தால் போச்சு.

"உங்க அம்மாகிட்ட ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணைத்தான் குடுப்பாங்க. எதுங்கிறது அவங்க கையில இல்ல, காசு சுண்டுற மாதிரி. உங்களுக்குக் கெட்டது விழுந்துது. உங்க அக்காவுக்கும் கெட்டதுதான் விழுந்திருக்கு, ஆனா அப்பாகிட்ட இருந்து ஒரு நல்லது வந்ததால அவங்க தப்பிச்சாங்க. அவங்க அந்தக் கெட்டதை மகனுக்குக் குடுத்துட்டாங்க."

கண்ணளவு டின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அப்பா நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் பழுத்த மிளகாய் மட்டும் பறித்து வா என்றால் பழுத்தது, காய், எல்லாவற்றையும் கூடையில் கொட்டிக்கொண்டு வருவார்; சோம்பேறி என்று சாகிற வரை பாட்டு வாங்கினார். அதைச் சொன்னதும் அம்மாள், "பாவம், மனுஷன் சோம்பேறியே இல்ல" என்று அந்த இறந்துபோனவருக்கு அங்கேயே விடுதலை கொடுத்தார்.

"அப்ப என் மகன்?" என்று கேட்டார் கண்ணளவு. அவருக்கு ஒரே மகன். தொழில் வேண்டாம் என்று வேறு ஊருக்குப் போய் ஒயர் விற்கிற கடை வைத்திருக்கிறான்.

அவனுக்கு இவரிடமிருந்து இது போயிருக்க வழியே இல்லை, இவர் மகனுக்குக் கொடுத்தது மூடியை மட்டும்தான் என்றார் அம்மாள். சந்தோஷமான செய்தியாகத்தான் சொன்னார். கண்ணளவுக்கு அது முழுச் சந்தோஷமாக இல்லை. தொழிலைக் கொடுத்தார், வாங்கிக்கொள்ளவில்லை. நல்லது கெட்டது எதுவும் ஒட்டாத பிள்ளை. ஒட்டியவன் இதோ, வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் அம்மாள் கறாராகப் பேசினார். கையைக் குறை சொல்ல முடியாது. விளிம்பு ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறது. வீடு நன்றாக வந்தால் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்கும் இவரையே சொல்வதாக இருந்தார், இப்போதும் சொல்லத் தயார். ஆனால் எந்த டின்னைத் திறப்பது என்பதை இவர்கள் இருவரும் முடிவு செய்யக்கூடாது. நிறம் தெரிந்த ஒரு ஆளோடு நாளைக் காலை வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு பெயிண்டருக்குச் சொல்லிவிடுவார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்றார் கண்ணளவு. "கண்ணளவுங்கிற பேர்லதான் சாப்பிடறேன்."

அம்மாள் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார். ஒன்றே ஒன்று: பாதிப் பச்சையை நாளைக் காலை வரை அப்படியே விட வேண்டும். அவருடைய வகுப்பு வந்து பார்க்கும். இருபது வருஷமாகக் கரும்பலகையில் வட்டமும் சதுரமும் போட்டு நடத்துகிற பாடம் சுவரேறி வந்திருக்கிறது.

"பேரைச் சொல்லமாட்டேன். ஒரு மாமாவும் மருமகனும்னு மட்டும்தான் சொல்வேன்."

ஊரில் மாமாவும் மருமகனுமாகப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கண்ணளவு யோசித்துப் பார்த்தார். யோசனை சீக்கிரம் முடிந்துவிட்டது.

மாலையில் அக்காள் வீட்டுக்குப் போனார். நிறம் தெரிந்த ஆள் வேண்டும். அக்காளைக் கேட்கலாம் என்று நினைப்பு. எதையும் உளறாதே என்று வழியெல்லாம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் தலையாட்டினான். செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, எனக்கும் மாமாவுக்கும் பச்சை தெரியாதாம், சயன்ஸ்ல சொல்லியிருக்காங்க" என்றான்.

அந்த வீட்டில் பிள்ளையின் அங்கங்கள் எப்போதோ பாகப்பிரிவினை ஆகிவிட்டன. நெற்றி, பல்வரிசை, கணக்கு, குரல் எல்லாம் அக்காளின் பிறந்த வீட்டுப் பக்கம். மூக்கு, குறட்டை, தேர்வு நடுவில் வந்த காய்ச்சல், செல்போன் கடையில் வேலை போனது எல்லாம் அவள் புருஷன் பக்கம். அவர் ஜவுளிக்கடையில் இருக்கிறவர். காலையிலிருந்து இரவு வரை துணியை விரித்துக் காட்டி மடித்துவைக்கிற வேலை; வீட்டிலும் எதையும் விரிக்காமல் மடித்தே வைத்துக்கொள்வார். இருபத்தைந்து வருஷமாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

அக்காள் வழக்கம்போலப் புருஷனிடம் ஆரம்பித்தாள். "இதுவும் உங்க வீட்டுச் சீர்தானா? உங்க பெரியப்பாவுக்குக் கண்ணாடி போடாம கஞ்சி தெரியாது."

"இல்லம்மா" என்றான் மருமகன். "அப்பா குடுத்தது மூடி மட்டும்தான். இது உன் பக்கம்."

டின், மூடி, காசு சுண்டுவது எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொன்னான். நல்ல ஞாபகசக்தி, அது யார் பக்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அக்காள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உன் கண்ணை ஏன்டா என் பையனுக்குக் குடுத்தே?"

"நான் எங்கக்கா குடுத்தேன்? எனக்கு அம்மா குடுத்தா. உனக்கும் அம்மா குடுத்தா. அவனுக்கு நீ குடுத்தே."

அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி அதற்குமுன் மின்சாரம் போனபோதுகூட வந்ததில்லை.

அக்காள் புருஷன் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பை நிறைய ஆப்பிளோடு திரும்பி வந்தார். பாதி சிவப்பு, பாதி பச்சை. தட்டில் கொட்டி நடுவில் வைத்தார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"எது எதுன்னு தெரியலைன்னா என்னைக் கேளுங்க. வெக்கப்பட வேண்டாம்" என்றார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரையும் குறிப்பிடாமல், "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க. நூலுக்குள்ளதான் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றார்.

நாளைக்கு அக்காளை அனுப்ப வேண்டியதில்லை, தானே லீவு போட்டுவிட்டு வருவதாகவும் சொன்னார். முப்பது வருஷம் துணி பார்த்த கண். மயில் கழுத்து நிறத்திலேயே எத்தனை வகை என்று அவருக்குத் தெரியும். ஒரு நாற்காலி போட்டால் போதும். மச்சினனும் மகனும் சுவரில் வைக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் சரி, தப்பு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். மாலையில் வீட்டுக்கு வந்து அதை அக்காளிடமும் சொல்வார்.

கண்ணளவு அந்த நாளைய தினத்தை மனசுக்குள் ஒருமுறை பார்த்தார். அப்புறம் அதற்கடுத்த நாளை. கல்லூரிக் கட்டடம் நான்கு மாடி.

"வீட்ல கேட்டுட்டு வர்றேன் மச்சான்" என்று எழுந்துகொண்டார். ஆப்பிளை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை. மச்சானே ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பச்சை" என்று சொல்லியே கொடுத்தார்.

வீட்டில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழியில் கண்ணளவு எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்திருந்தார். சாக்கடை ஓரம் நின்று ஒத்திகை பார்த்ததில் ஒரு நாய்கூட நின்று கேட்டுவிட்டுப் போயிற்று. உள்ளே வந்து ஆப்பிளை அலமாரியில் வைத்தார். மூலையில் போய் உட்கார்ந்தார்.

அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். வலது கையில் தெறித்திருந்த பெயிண்ட் பொட்டுகளைப் பார்த்தாள்.

"கூடத்துக்குக் கோதுமைன்னீங்க. கையில பச்சை இருக்கு" என்றாள். "எவ்வளவு தூரம் போச்சு? பாதி சுவரா?"

கண்ணளவு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான வருஷமே தெரியும். சிவப்புன்னு சொல்லி ஒரு துணி எடுத்துட்டு வந்தீங்க. நானும் சிவப்புன்னே கட்டிக்கிட்டேன்."

அதுவரை பதில் கிடைக்காமல் இருந்த கேள்விக்கு இப்போது அவருக்கு மெதுவாகப் பதில் வர ஆரம்பித்தது. டின்னைத் திறந்து சுவரோரம் வைத்தது அவள். வாளியில் கலக்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அவர் நிற்கிற அந்த ஒரு கணம். அதைத் தன் கண் யோசிக்கிற நேரம் என்று அவர் நினைத்திருந்தார். சில சமயம் அந்த நேரத்தில்தான் அவளுக்கு இருமல் வரும். இருமல் வந்தால் என்னவோ சரியில்லை என்று அவருக்கே தோன்றும். இன்னும் கொஞ்சம் மஞ்சள் விடுவார். இருமல் நின்றால் அடிக்க ஆரம்பிப்பார்.

"வேலைக்கு வராம போனதுல இருந்து உனக்கு இருமலே இல்ல" என்றார்.

"இல்ல."

"நான் மருந்து வாங்கிட்டு வந்து குடுத்தேனே. பாட்டில் பாட்டிலா."

"வாசல்ல செடிக்கு ஊத்தினேன். அது ஒரு நாளும் இருமினதில்ல."

சிரிப்பதா, சண்டை போடுவதா என்று அவர் யோசித்தார். முப்பது வருஷம் ஊரை ஏமாற்றியது போதாதென்று தன்னையும் ஏமாற்றியிருக்கிறாள். சண்டை போடுவது என்று முடிவு செய்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா ரோலரைக் கீழே வச்சிருப்பீங்க. இப்ப வச்சிட்டு வந்திருக்கீங்க பாருங்க, அப்படி. சுவர் உங்க கைதான். விளிம்பு, வழவழப்பு எல்லாம் உங்களுது. கலர் ஒண்ணுதானே நான் போட்டது."

அவரிடம் சண்டைக்கு வேறு சரக்கு இல்லை. வீட்டுக்காரம்மாள் சொன்னதைச் சொன்னார். நாளைக் காலை கண் வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், வேலையோடு பெயரும் போகும். அக்காள் வீட்டில் நடந்ததையும், மச்சான் தயாராக இருக்கிறார் என்பதையும் சொன்னார். நாற்காலி போட்டால் போதுமாம்.

மச்சானும் நாற்காலியும் என்றதும் அவள் தைல பாட்டிலை மூடினாள்.

"அந்த நாற்காலியில நான் உட்காரமாட்டேனா? முட்டிக்காக நிக்கத்தான் வேண்டாம்னு சொன்னாரு டாக்டர். இருமக் கூடாதுன்னு சொல்லலை."

அக்காள் இனிமேல் அந்த வீட்டில் எதைப் பேசுவாள் என்று கேட்டாள். தெரியாது என்றார். பாவம், மூக்கு இருக்கிறதே, அதை வைத்து ஓட்டிக்கொள்வாள் என்றாள். அலமாரியிலிருந்து ஆப்பிளை எடுத்து நறுக்கினாள். இது என்ன கலர் என்று அவர் கேட்டார்.

"சிவப்பு" என்றாள். மச்சானே தப்பாகக் கொடுத்துவிட்டாரா, இல்லை வேண்டுமென்றே கொடுத்தாரா என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

மறுநாள் காலை வாடகை வண்டியில் மூவரும் போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்தில் போட்டு, காலை நீட்டிக்கொள்ள ஒரு காலி டின்னைக் கவிழ்த்து வைத்தார்கள். பத்து மணி வாக்கில் வகுப்புப் பிள்ளைகள் வந்து சுவரைப் பார்த்தார்கள். ஒரு பெண் மருமகனிடம் தன் பை என்ன நிறம் என்று கேட்டாள். அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை ஜன்னலைப் பார்த்தாள். பழைய பை நிறம் என்றான். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பின் பச்சைப் பாதியின் மேல் இரண்டு பூச்சு கோதுமை அடிக்கப்பட்டது. இடையில் மனைவி ஒருமுறை இருமினாள். மருமகன் டின்னை மாற்றினான். வீட்டுக்காரம்மாள் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மதியம் மச்சான் கடையிலிருந்து வந்து, வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்து, கோதுமைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் பிரஷ்களைக் கழுவித் தொங்கவிட்டார்கள். மூடிகளில் இருந்த எண்களை அவள் டின்களின் வயிற்றிலும் எழுதினாள். உள் அறையை அடுத்த நாள் தொடங்குவதாக முடிவாயிற்று.